‘அசல் ஊட்டி மண்’ மூட்டை: பெங்களூரு மாடித்தோட்டத்துக்கு வாங்கலாமா?

பெங்களூரு நர்சரிகளில் ‘ஊட்டி மண்’, ‘மலைப் புல்வெளி மண்’, ‘கறுப்பு மலை மண்’ என்று வெவ்வேறு பெயர்களில் ஒரு சரக்கு விற்கிறது. செம்மண்ணைவிட விலை பல மடங்கு. நாம் தமிழில் பேசுவது காதில் விழுந்தால் விற்பவரும் தமிழுக்கு மாறிவிடுவார்: “அண்ணா, இது அசல் ஊட்டி மண்ணு. கையில எடுத்துப் பாருங்க, வெண்ணெ மாதிரி இருக்கும். எது வெச்சாலும் வரும்.”

இந்த மதிப்பீட்டுக்கு இரண்டு சரக்குகளை எடுத்துக்கொண்டோம். முதலாவது, அச்சிட்ட பிளாஸ்டிக் பையில் 10 கிலோ, 320 ரூபாய். இரண்டாவது, வாய் கட்டிய கோணிச் சாக்கில் 25 கிலோ, 300 ரூபாய். கடைகளின் பெயர் இங்கே தேவையில்லை. இதே சரக்கு பல கைகள் மாறித்தான் வருகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பை அசல், சாக்கு போலி. இரண்டையும் வாங்க வேண்டாம். அதிலும் அசலை வாங்கவே வேண்டாம்.

போலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது ஏரி வண்டல், கறுப்பு ஏறுவதற்காகக் கரித்தூள் சேர்த்தது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் கலக்கினால் கரித்துண்டுகள் மேலே மிதக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 மி.லி.யை ஒரு தேக்கரண்டி மண்ணில் ஊற்றிப் பார்க்கலாம். மட்கினால் கறுத்த மண் நெடுநேரம் நுரைக்கும், கிண்ணம் லேசாகச் சுடும், சில மணி நேரத்தில் நிறம் வெளுத்துப் பழுப்பாகும். கரியால் கறுத்தது எத்தனை நேரம் வைத்தாலும் கறுப்பாகவே இருக்கும். ஊற்றிய நொடியிலேயே சீறிவிட்டு உடனே அடங்கினால் அது மட்கு இல்லை, மாங்கனீசு. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.

சாக்கு மண்ணின் பி.எச். (அமில-கார அளவு, 7 என்றால் நடுநிலை) 7.9 காட்டியது. மழையில் ஊறிய மலை மண் அந்த அளவுக்குக் காரமாக இருக்காது. அளக்கும் முறை எளிது: ஒரு பங்கு மண், இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர், கலக்கி அரை மணி நேரம் வைத்து, தெளிந்த நீரில் மீட்டரை வைக்க வேண்டும். குழாய் நீரில் அளந்தால் நீரின் காரமும் சேர்ந்துவிடும். இன்னொரு எச்சரிக்கை: நகரத்து ஏரிகளில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்திருக்கின்றன, வண்டலில் கன உலோகம் தங்கியிருக்கலாம். பூச்செடிக்குப் பாதகமில்லை. கீரை, முள்ளங்கி, கேரட் வைக்கும் தொட்டியில் இந்தச் சாக்கைக் கொட்டாதீர்கள்.

இனி அசல் பை.

ஈரப்படுத்தி, மண்ணின் நிறத்தை ஒப்பிடும் மன்செல் நிற அட்டையில் வைத்துப் பார்த்தால் 10 ஒய்ஆர் 2/2, அதாவது கறுப்பை ஒட்டிய அடர்பழுப்பு. எடையில்தான் முதல் வியப்பு. காய்ந்த மண்ணை ஒரு லிட்டர் டப்பாவில் நிரப்பி மூன்று முறை தட்டி நிறுத்தால் 780 கிராம். அதே டப்பாவில் சாக்கு மண் 1,150 கிராம். களி மிகுந்த மண் கனமாக இருக்கும் என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பு. மலைப் புல்வெளியின் மேல்மண் அதைப் பொய்யாக்கிவிடும்: களியும் மட்கும் பிணைந்து, உள்ளே காற்றும் நீரும் நிற்கும் சிறு குருணைகளாக உருண்டிருப்பதால் லேசாக இருக்கிறது.

இந்தக் குருணைகளால்தான் பலர் இதை மணல் கலந்த மண் என்று தவறாக எடைபோடுகிறார்கள். ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையில் வைத்துப் பட்டையாகத் தள்ளிப் பார்க்கும் சோதனை தெரியும்தானே? பட்டை 2.5 செ.மீ.க்குள் ஒடிந்தால் இருமண் (மணலும் வண்டலும் களியும் கலந்தது), 5 செ.மீ. வரை போனால் களி இருமண், 5 செ.மீ.யைத் தாண்டினால் களி. இந்தப் பை மண் முதலில் 2 செ.மீ.யிலேயே ஒடிந்தது. அதே உருண்டையை ஐந்து நிமிடம் விடாமல் பிசைந்தால் குருணை உடைந்து, பசை வெளிப்பட்டு, 6 செ.மீ.க்கு மேல் போகிறது. ஆக, களி உள்ளே ஒளிந்திருக்கிறது. மண்ணை நீரில் குலுக்கி, படியும் அடுக்குகளை அளக்கும் பாட்டில் சோதனையிலும் இதே பிழை வரும். வெறும் தண்ணீரில் குலுக்கினால் குருணைகள் அப்படியே அடியில் படிந்து மணல்போல் தோன்றும். குருணையைப் பிரிக்கும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் உப்பு ஒரு தேக்கரண்டி சேர்த்து, இரவு ஊறவைத்து, மறுநாள் குலுக்கி, ஒரு நிமிடத்தில் மணல் மட்டத்தையும், இரண்டு மணி நேரத்தில் வண்டல் மட்டத்தையும் குறிக்க வேண்டும். களி ஒரு நாள் கழிந்தும் கலங்கலாகவே நிற்கும். அப்படிச் செய்தும் மட்கு மிகுந்த மண்ணில் களியின் அளவு குறைவாகத்தான் தெரியும்.

பி.எச். 5.1. பையின் மேல் ‘நடுநிலை மண், எல்லாப் பயிருக்கும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். இது தவறு. தவறு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது.

குளிர்மலைப் புல்வெளி மண் என்று பாடநூல்களில் அதிகம் விவரிக்கப்படுவது அமெரிக்க ராக்கி மலைகள் போன்ற இடங்களின் மண். அங்கே மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பம் 8 டிகிரி செல்சியஸுக்குக் கீழ். மழை குறைவு, ஆகவே கால்சியமும் மெக்னீசியமும் கழுவப்படாமல் தங்கிவிடுகின்றன. கறுத்த மேலடுக்கு, அதற்குக் கீழே மேலிருந்து இறங்கிச் சேர்ந்த களியடுக்கு. அந்த அடுக்கில் மேலடுக்கைப்போல் பொதுவாக 1.2 மடங்காவது களி இருந்தால்தான் அமெரிக்க வகைப்பாட்டில் அதற்குக் களியடுக்கு (ஆர்ஜிலிக்) என்ற பெயர் கிடைக்கும். இத்தகைய மண் நடுநிலையாக இருப்பது இயல்பு. அதன் களி பெரும்பாலும் நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் ஸ்மெக்டைட் வகை.

நீலகிரி அப்படியில்லை. அங்கே மண்ணுக்கு மூலமான தாய்ப்பாறை சார்னோகைட் என்ற கடினப் பாறை. நெடுங்காலம் மழையில் சிதைந்து, கழுவப்பட வேண்டியதெல்லாம் கழுவப்பட்டு, மிஞ்சியது கயோலினைட்டும் கிப்சைட்டும். உப்பாத, சுருங்காத, சத்தைத் தன் மேல் பிடித்துவைக்கும் திறன் குறைந்த களிகள். ஆகவே மண் அமிலம். நம் ஊர்க்காரர்கள் கறுப்பு என்றதும் கரிசல் என்று நினைத்துக்கொள்வதும் இங்கே பொருந்தாது. கோவில்பட்டிக் கரிசலில் கரிமச்சத்து பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழ். அது வெடிக்கும் மண். நீலகிரிப் புல்வெளி மேல்மண்ணில் 5 சதவீதத்துக்கு மேல் கரிமம் இருப்பது சாதாரணம், அது வெடிக்காது. நிறம் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை.

அவ்வளவு கரிமம் எப்படிச் சேர்ந்தது? காட்டில் சருகு மேலே விழுந்து மேலேயே மட்கும். புல்வெளியில் வேர்தான் உரம். புல்லின் நார்வேர்கள் மண்ணுக்குள்ளேயே இறந்து மீண்டும் முளைப்பதால், கறுப்பு ஒரு கை ஆழத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அந்தக் குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் தின்னும். போதாததற்கு, அமில மண்ணில் வெளிப்படும் அலுமினியம் மட்கோடு பிணைந்து அதை நுண்ணுயிரின் வாய்க்கு எட்டாமல் காக்கிறது. எரிமலைச் சாம்பல் மண்ணில் காணும் குணம் இது. எரிமலையே இல்லாத நீலகிரியில் இந்தக் குணம் இருப்பதை அங்கே ஆய்வு செய்த பிரெஞ்சு மண்ணியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டார்கள். இதை ஆய்வகத்தில் உறுதிசெய்ய 1966 முதல் ஒரு வழி உண்டு: 1 கிராம் மண்ணை 50 மி.லி. சோடியம் ஃப்ளோரைடு கரைசலில் கலக்கினால், இரண்டே நிமிடத்தில் பி.எச். 9.4ஐத் தாண்டும். அது நஞ்சு, வீட்டில் முயல வேண்டாம்.

இன்னொரு வேலையைப் பனி செய்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளத்தாக்குகளில் உறைபனி விழும் இரவுகளில், மண்ணின் மேல்தோலில் இருக்கும் நீர் ஊசி ஊசியாக உறைந்து கட்டிகளை உடைக்கிறது. இமயத்துப் புக்யால் புல்வெளிகளில் இது மாதக்கணக்கில் நடக்கும். உறையும் நீர் சுற்றியுள்ள களியிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்வதால் குருணைகள் இறுகி உருப்பெறுகின்றன. இதற்கு மறுபக்கமும் உண்டு. பனி விடும் பருவத்தில் மேலே சேறு, கீழே இன்னும் உறைந்த அடுக்கு, நீர் வடிய வழியே இல்லை. அப்போது மாடோ மனிதரோ மிதித்தால் களி ஒரே அமுக்கில் குழைந்து, குளம்படியெல்லாம் குழியாகி, புல் வேர் அறுந்து, சரிவு படிப்படியாக இறங்கத் தொடங்கும். 2018இல் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்குவதைத் தடை செய்தது. அந்த மண் மிதியைத் தாங்காது என்பது தெரிந்தால் அந்தத் தீர்ப்பின் அக்கறை புரியும்.

இப்போது இந்த மண்ணைப் பையில் அடைத்துப் பெங்களூருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்?

முதல் கேடு வழியிலேயே நடந்துவிடுகிறது. எடை குறையட்டும் என்று வெயிலில் காயவைத்துத்தான் அடைக்கிறார்கள். இவ்வகை மண் ஒருமுறை முற்றாகக் காய்ந்தால் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. பை மண்ணின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தோம். நல்ல மண்ணில் ஐந்து நொடிக்குள் இறங்கிவிட வேண்டிய சொட்டு, ஒரு நிமிடத்துக்கு மேல் முத்தாக உருண்டு நின்றது. தொட்டியில் ஊற்றும் நீர் மண்ணுக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையிலான இடுக்கு வழியாக ஓடி அடித்துளையில் கொட்டிவிடும். மேலே பார்த்தால் ஈரம், நடுவில் தூள் பறக்கும். செடி வாடுகிறது என்று இன்னும் நீர் விடுவோம், அதுவும் ஓடும்.

இரண்டாவது கேடு மெதுவானது. வெப்பம் 10 டிகிரி கூடினால் நுண்ணுயிரின் வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஊட்டிக்கும் பெங்களூருக்கும் ஆண்டுச் சராசரியில் ஏறக்குறைய அவ்வளவு வித்தியாசம். வெட்டிக் கிளறியதால் காற்றும் உள்ளே புகுந்துவிட்டது. மட்கு வேகமாகக் கரையத் தொடங்கும், கரையும்போது தழைச்சத்து வெளிப்படும். முதல் இரண்டு மாதம் செடி கருகருவென்று தழைப்பது இதனால்தான். “எது வெச்சாலும் வரும்” என்ற பேச்சுக்கும் அதுவே ஆதாரம். பிறகு தொட்டியில் மண்மட்டம் இறங்கும். கிப்சைட்டும் கயோலினைட்டும் தம்மளவில் சத்தைப் பிடிக்காதவை, பிடித்துக்கொண்டிருந்தது மட்கு. அது போனதும் அந்தத் திறனும் போகும். குருணை கரைந்து, தினசரி ஊற்றும் நீரின் தாக்கத்தில் களி இறுகிப் பாலாடைபோல் மேலே படியும். பனி வந்து அதை உடைக்கப் போவதில்லை.

மூன்றாவது, மணிச்சத்து. சும்மா கிடக்கும் அலுமினியம் பாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். டிஏபி உரத்தைக் கரைத்து மண் முழுதும் ஊற்றினால் பெரும்பகுதி அங்கேயே பூட்டப்பட்டுவிடும். தக்காளியின் அடி இலைகளில் ஊதா படர்ந்து, பூ பிடிக்காமல் உதிர்வதைப் பார்த்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

வாங்கியாயிற்று, வீட்டில் இரண்டு பை இருக்கிறது என்பவர்களுக்கு: முதலில் நனையுங்கள். நான்கைந்து பூந்திக்கொட்டையை ஒரு லிட்டர் நீரில் ஊறவைத்துக் கசக்கி வடிகட்டி, அந்த நீரை இன்னொரு 9 லிட்டரில் கலந்து, தொட்டியின் பாதி உயரத்துக்கு அதில் அரை மணி நேரம் நிறுத்திவையுங்கள். மேலிருந்து ஊற்றுவதால் பயனில்லை. வறண்டுபோக மறுபடி விடாதீர்கள்.

கலவைக்கு மலை மண் ஒரு பங்கு, 2 முதல் 4 மி.மீ. வரையுள்ள பருமணல் ஒரு பங்கு, நன்றாக அலசிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, தொழு உரம் அரைப் பங்கு. மணல் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. களியில் கொஞ்சம் மணல் போட்டால் இளகாது, செங்கல்லுக்குப் பிசைந்ததுபோல் ஆகிவிடும். எம்-சாண்ட் போடுவதானால் தூளைக் கழுவி வெளியேற்றிவிட்டுப் போடுங்கள். மணிச்சத்துக்கு எலும்புத்தூள் 30 கிராம், 12 அங்குலத் தொட்டியில் வேருக்கு அருகே ஒரே இடத்தில் வையுங்கள், மண்ணெல்லாம் கலக்காதீர்கள். அமில மண்ணில் எலும்புத்தூள் கரையும். சாக்கு மண்ணின் 7.9இல் கரையாது.

சுண்ணாம்பு போடலாமா என்றால், எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. போர்வெல் நீரில் பைகார்பனேட் மிகுதி, அதுவே மெல்ல மெல்லப் பி.எச்.ஐ ஏற்றிவிடும். காவிரி நீர் மட்டுமே ஊற்றும் வீடுகளில் 10 கிலோ மண்ணுக்கு 20 கிராம் டோலமைட் தூள் போட்டு, ஒரு மாதம் கழித்து அளந்து, தேவையானால் மட்டும் மறுபடி போடலாம். மட்கு மிகுந்த களி மாற்றத்தை எதிர்த்து நிற்கும், ஒரே தடவையில் ஏறவில்லையே என்று அள்ளிக் கொட்ட வேண்டாம்.

காய்கறிகளைவிட அசேலியா, கமேலியா, பெரணி, ஹைட்ரேஞ்சியா ஆகியவற்றுக்கு இந்த மண் பிடிக்கும். அமிலத்தில் அலுமினியம் கிடைப்பதால் ஹைட்ரேஞ்சியா இதில் நல்ல நீலமாகப் பூக்கும். நாள்பட அந்த நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் உங்கள் போர்வெல் நீர் வேலை செய்துவிட்டது என்று பொருள். தனி மீட்டர் வேண்டாம்.

இத்தனை வேலை செய்தாவது அசல் மண்ணைப் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்களிடம் ஒரு கணக்கு. 10 கிலோ காய்ந்த மண், லிட்டருக்கு 800 கிராம் வீதம் 12.5 லிட்டர். 30 செ.மீ. ஆழத்துக்கு வெட்டினால் 20 செ.மீ. நீள அகலமுள்ள ஒரு சதுரம். 6 டன் ஏற்றும் ஒரு லாரிக்கு 25 சதுர மீட்டர் புல்வெளி. “வீடு கட்ட வெட்டுன இடத்துல எடுத்ததுதான், அண்ணா” என்பார்கள். கட்டடத்துக்கு ஆழமாக வெட்டும் மண்ணில் பெரும்பங்கு மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். பை முழுக்க ஒரே கறுப்பு என்றால் மேல்தோலை மட்டும் உரித்திருக்கிறார்கள். அந்தப் புல்வெளி ஏற்கெனவே சீகை (வாட்டில்) மரத்துக்கும் யூகலிப்டஸுக்கும் தேயிலைக்கும் பெரும்பகுதியைப் பறிகொடுத்தது. மிச்சமிருப்பதுதான் மழையை உறிஞ்சிவைத்து, கோடையில் பைக்காராவுக்கும் பவானிக்கும் சொட்டுச் சொட்டாக விடுகிறது. பவானிசாகரை நம்பியிருக்கும் ஈரோட்டு வயல்காரருக்கு இது நன்றாகத் தெரியும். பெங்களூரிலேயே இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்பில் படிந்த கரிமத்தை ஆராய்ந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் பருவமழை ஏறி இறங்கியதை 1993இல் வெளியிட்டார்கள். மழைக்கேற்ப மரவகைத் தாவரமும் புல்வகையும் மாறிமாறி வளர்ந்ததன் தடம் அந்த மண்ணில் இருந்தது. அடுக்கு கலையாமல் கிடந்தால்தான் அதைப் படிக்க முடியும்.

வனத்திலிருந்து மண் எடுப்பது குற்றம். ஆகவே ரசீது கேளுங்கள், எந்த இடத்து மண் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

மதிப்பெண்: சாக்கு 5க்கு 1, ஏமாற்றுக்காக. பை 5க்கு 1, அசலாக இருப்பதற்காகவே.

அதே 320 ரூபாய்க்குப் பெங்களூருச் செம்மண், தொழு உரம், தென்னைநார்க் கழிவு எல்லாம் வாங்கிவிடலாம். இரண்டு பங்கு, ஒரு பங்கு, ஒரு பங்கு. கூட அரைப் பங்கு கருக்கிய உமி. குருணை வேண்டுமென்றால் புல்லிடமே வேலை வாங்குங்கள். கேழ்வரகும் புல்தான். தொட்டியில் நெருக்கமாக விதைத்து, 60 நாள் வளரவிட்டு, கதிர் முற்றும் முன் அடியோடு அறுங்கள். பிடுங்கக் கூடாது, வேர் உள்ளேயே மட்க வேண்டும். அறுத்த தாளை மேலே மூடாக்காகப் பரப்புங்கள். அடுத்த நாற்றுக்குக் கையளவு குழி மட்டும் எடுங்கள், முழுதும் கிளற வேண்டாம். முதல் மூன்று வாரம் நாற்று வெளிறலாம். நார்வேர் மட்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொள்வதால் அப்படி ஆகிறது. கடலைப் புண்ணாக்கு 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரண்டு நாள் புளிக்கவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து, வாரம் ஒருமுறை தொட்டிக்கு அரை லிட்டர் ஊற்றினால் பச்சை திரும்பிவிடும்.